டொனோரா: கூலியும் நஞ்சும் ஒரே புகைபோக்கியிலிருந்து வந்த ஊர்

[காட்சி: பென்சில்வேனியா மாநில வரைபடம். பிட்ஸ்பர்க் நகரிலிருந்து மொனோங்காஹேலா ஆற்றைப் பிடித்துத் தெற்கே நகர்ந்து, ஆறு குதிரை லாடம்போல் வளையும் இடத்தில் நிற்கிறது.]

அமெரிக்காவில் காற்று மாசுச் சட்டங்களின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தச் சிறிய ஊரைத் தொடாமல் தாண்ட முடியாது. ஊரின் பெயர் டொனோரா. 1948 அக்டோபரின் கடைசி நாட்களில் ஊர்மேல் கவிந்த புகைமூட்டத்தில் இங்கே 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலான விளக்கங்கள் அந்தச் சில நாட்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. இறந்தவர்கள் ஓர் எண்ணிக்கையாக நின்றுவிடுகிறார்கள். அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், அப்படியொரு புகைக்கு அடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பாவம், தெரியாமல் இருந்துவிட்டார்கள் என்று இந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அவர்கள் செய்த வேலையைப் பார்க்க வேண்டும்.

[காட்சி: ஆற்றங்கரை நெடுக நீளும் ஆலையின் பழைய கருப்பு வெள்ளைப் படம்.]

பிட்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் செங்குத்தாக எழும் குன்றுகள். கரையோரச் சமதளம் முழுவதும் ஆலைக்கு. மனிதர்களுக்குச் சரிவு. வீடுகள் படிப்படியாக மேலேறும். தெருக்களில் சில மிகவும் செங்குத்தானவை.

20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு எழுந்த ஊர் இது. வில்லியம் டானர் என்ற தொழிலதிபர் இங்கே எஃகு ஆலை கட்டினார். வங்கியாளர் ஆண்ட்ரூ மெலன் பணம் போட்டார். டானரின் பெயரையும் மெலனின் மனைவி நோராவின் பெயரையும் சேர்த்து ஊருக்கு வைத்தார்கள். 1901இல் டொனோரா முறைப்படி ஒரு தனி ஊராட்சியானது. விரைவிலேயே ஆலை யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் கிளையான அமெரிக்கன் ஸ்டீல் அண்ட் வயர் நிறுவனம்தான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஊரின் முதலாளி. ஊது உலை, எஃகு உலை, கம்பி இழுக்கும் ஆலை, ஆணி ஆலை என்று ஆற்றங்கரையில் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஆலைகள் வரிசையாக நின்றன. இரும்புத் தாதும் நிலக்கரியும் ஒரு முனையில் உள்ளே போகும். கம்பியும் ஆணியும் மறுமுனையில் வெளியே வரும்.

வேலைக்கு ஆட்கள் கடல் தாண்டி வந்தார்கள். ஸ்லோவாக்கியர், போலந்துக்காரர், கார்ப்பாத்திய மலைகளின் ருசின் மக்கள், இத்தாலியர். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து, அங்கேயே துத்தநாக உலைகளில் பழகிய தொழிலாளர்கள் வந்தார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தேவாலயம், ஒரு சங்கக் கட்டடம். ஆலையில் அடிபட்டாலும் செத்தாலும் குடும்பத்துக்கு உடனே கைகொடுத்தவை பெரும்பாலும் இந்தச் சங்கங்கள்தான். போலந்துக்காரர்களின் ஃபால்கன்ஸ் சங்கத்தில் பையன்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே பயின்ற ஒரு தொழிலாளியின் மகனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வேலை நேரத்தைக் கேளுங்கள். அமெரிக்க எஃகுத் தொழிலில் 1923 வரை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை சாதாரணம். வாரத்தில் ஏழு நாள். ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் அடுத்தது இரவு. அந்த மாற்றம் நிகழும் நாளில் ஓர் அணி இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து நின்றாக வேண்டும், அதுவும் கொதிக்கும் இரும்பின் பக்கத்தில். 1919இல் நாடு முழுவதும் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; அடக்கப்பட்டார்கள். யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது 1937இல்தான். அதற்கு முன் இந்த ஊரில் ஒரு தொழிலாளி தன் மேஸ்திரியை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதென்றால் வீட்டு வாடகையையும் கடைக் கணக்கையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

[காட்சி: சரிவில் நிற்கும் கான்கிரீட் வீடுகள்.]

1916, 1917 ஆண்டுகளில் நிறுவனம் குன்றின்மேல் வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் கட்டியது. செங்கல் இல்லை, மரம் இல்லை. அச்சு நிறுத்தி, கான்கிரீட்டை ஊற்றி எழுப்பிய வீடுகள். ஊரார் அதை சிமென்ட் சிட்டி என்றார்கள். இன்றும் அவற்றில் மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் அவை மேஸ்திரிகளுக்கும் தேர்ந்த தொழிலாளர்களுக்கும் கட்டப்பட்டவை. கையாள் வேலை பார்த்த புலம்பெயர்ந்தவருக்குக் கீழே, ஆலைச் சுவரை ஒட்டிய தெருக்கள்தான். எஃகுப் பள்ளத்தாக்கின் ஊர்களில் எல்லாம், தனியாக வந்த ஆண்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டு, அந்த வாடகையில் பெண்கள் வீட்டுச் செலவைச் சமாளித்தார்கள். பகல் ஷிப்ட்காரன் எழுந்து போன கட்டிலில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். கரி படிந்த வேலைத் துணியைத் துவைத்து வெளியே காயப்போட்டால், காய்ந்து வரும்போது அதன்மேல் புதுக் கரி படிந்திருக்கும். ஆலையின் கணக்கேட்டில் ஏறாத உழைப்பு இது. இது இல்லாமல் ஆலை ஒரு நாள்கூட ஓடியிருக்காது.

இப்போது துத்தநாக ஆலைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

கம்பிக்குத் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் வேண்டும். கம்பி செய்கிறவர்களே துத்தநாகமும் செய்துகொண்டால் லாபம். 1915இல், உலகப்போரால் துத்தநாகத்தின் விலை எகிறிக்கிடந்த நேரத்தில், டொனோராவில் துத்தநாக ஆலை எழுந்தது.

அது வேலை செய்த விதம் இதுதான். துத்தநாகத் தாதுவில் கந்தகம் இருக்கும். முதலில் தாதுவை வறுத்துக் கந்தகத்தை வெளியேற்றுவார்கள். அது சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவாகப் பிரியும். வறுத்த தாதுவை நிலக்கரித் தூளோடு கலந்து, சுடுமண்ணால் செய்த நீளக் குடுவைகளில் அடைப்பார்கள். உலையின் சுவரில் இந்தக் குடுவைகள் அடுக்கடுக்காகப் படுக்கவைக்கப்பட்டிருக்கும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும் உலோகம். குடுவைக்குள் ஆவியாகி, வாயிலிருக்கும் குளிர்கூட்டில் திரவமாகத் தங்கும். தொழிலாளி அதன் முன்னால் நின்று, நீண்ட கரண்டியால் உருகிய உலோகத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு குடுவையின் கசடை வழித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். எத்தனை குடுவைகளோ அத்தனை முறை. ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் கொஞ்சம் ஆவி காற்றில் கலந்து, வெள்ளைப் புகையாகி, எதிரே நிற்பவனின் நுரையீரலுக்குள் போகும்.

வேலை முடித்து வீட்டுக்குப் போனவனுக்கு மாலையில் காய்ச்சல் வரும். குளிர் நடுக்கம், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. விடிந்தால் போய்விடும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று மருத்துவம் இதைச் சொல்கிறது. தொடர்ந்து வேலைக்குப் போனால் உடம்பு பழகிக்கொள்ளும். ஓரிரு நாள் விடுப்பு எடுத்துத் திரும்பினால் மீண்டும் நடுக்கம். பால் குடித்தால் தணியும் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் பரவலாக இருந்தது. அந்த வெக்கையில் மனிதன் நீண்ட நேரம் நிற்க முடியாது என்பதால் உலை முன்னால் வேலை நேரம் குறைவு; கூலி அதிகம். அதிகக் கூலிக்கு ஆசைப்பட்டவர்கள் என்று இவர்களை யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். மொழி தெரியாத நாட்டில், படிப்பில்லாத ஒருவனுக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அளவுக்குக் கூலி கிடைத்த வேலை அது ஒன்றுதான்.

[காட்சி: புல் பூண்டு இல்லாத மொட்டைக் குன்றுகள்.]

புகை ஆலைக்குள் நிற்கவில்லை. ஆலைக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் வெப்ஸ்டர் என்ற சிற்றூர். அங்கே பழத்தோட்டங்களும் பயிரும் இருந்தன. துத்தநாக ஆலை வந்தபின் மரங்கள் பட்டுப்போயின, புல் கருகியது, மண் பிடிமானம் இழந்து மழையில் கரைந்தது. 1920களில் நில உடைமையாளர்கள் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். 1926 முதல் காற்றின் மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. 1935இல் அந்தச் சோதனை நின்றுபோனது. ஆக, டொனோராவின் காற்றில் ஏதோ கெட்டது இருக்கிறது என்பது 1948இல் திடீரென்று தெரியவந்த செய்தி அல்ல. வெப்ஸ்டரின் விவசாயிக்குத் தெரியும். கரி படிந்த துணியை உதறிய பெண்ணுக்குத் தெரியும். நிறுவனத்துக்கும் தெரியும்.

இவர்களில் ஒரு தரப்புக்கு மட்டும்தான் உலையை அணைக்கும் அதிகாரம் இருந்தது. தொழிலாளி என்ன செய்ய முடியும்? ஊரில் 14,000 பேர். பெரிய முதலாளி ஒருவர்தான். கடைக்காரரின் வியாபாரம், ஊராட்சியின் வரி, தேவாலயத்தின் காணிக்கை எல்லாமே ஆலைக் கூலியிலிருந்து வந்தவை. புகைபோக்கியில் புகை நின்றால் அது வேலைநிறுத்தம் அல்லது மந்தம். 1930களின் பெருமந்தத்தில் புகை நின்ற நாட்களை ஊர் கண்டிருந்தது. மறுபடி புகை எழுந்தபோது அடுப்பும் எரிந்தது. புகையை வெறுக்க வேண்டிய மக்கள் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும்படி ஆனது இப்படித்தான்.

1948 அக்டோபர் 26, செவ்வாய்க்கிழமை. இலையுதிர் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் காலை மூடுபனி வழக்கம். வெயில் ஏறினால் கலைந்துவிடும். இந்த முறை கலையவில்லை. பொதுவாகத் தரையருகே காற்று சூடாகவும் மேலே குளிராகவும் இருக்கும். சூடான காற்று மேலே எழும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகும். சில வேளைகளில் இது தலைகீழாகிவிடும். கீழே குளிர்ந்த கனமான காற்று, மேலே சூடான படலம். பானைக்கு மூடி போட்டதுபோல அந்தப் படலம் பள்ளத்தாக்கின்மேல் உட்கார்ந்துகொள்ளும். இரு பக்கமும் குன்றுகள், மேலே மூடி, உள்ளே துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் நிலக்கரி ரயில்களும் இடைவிடாமல் விடும் புகை. சல்ஃபர் டை ஆக்சைடு, உலோகத் துகள்கள், ஃபுளோரைடு சேர்மங்கள் எல்லாம் நாளுக்கு நாள் அடர்ந்தன.

ஊர் வழக்கம்போல் இயங்கியது என்பதுதான் இன்று கேட்கும்போது நெஞ்சை அறுக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஹாலோவீன் ஊர்வலம் நடந்தது. வேடமணிந்த குழந்தைகள் தெருவில் போனார்கள். பார்க்க நின்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. சனிக்கிழமை பள்ளி அணிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்டம். பக்கத்து ஊரான மொனோங்காஹேலாவுடன் போட்டி. மூச்சுத்திணறலில் மனிதர்கள் இறக்கத் தொடங்கிவிட்ட நாளில், புகைக்குள் பந்து விளையாடினார்கள். இதை அலட்சியம் என்று சொல்லிவிடலாகாது. புகையோடு வளர்ந்த ஊருக்கு, வழக்கமான புகை எங்கே முடிகிறது, கொல்லும் புகை எங்கே தொடங்குகிறது என்று காட்ட யாரும் இல்லை. காட்ட வேண்டிய கடமை உள்ளவர்கள் காட்டவில்லை.

சனிக்கிழமை அதிகாலையிலிருந்தே மருத்துவர்களின் தொலைபேசி ஓயவில்லை. தீயணைப்புத் தன்னார்வலர்கள் ஆக்சிஜன் உருளைகளைத் தூக்கிக்கொண்டு, சுவரையும் வேலியையும் கையால் தடவியபடி வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் சிறிது நேரம் ஆக்சிஜன் கொடுப்பார்கள். மூச்சு சீரானதும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நோயாளி கெஞ்சினாலும் போயாக வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் உருளைகள் வரவழைக்கப்பட்டன. ஊர்ச் சுகாதார வாரியத்தில் இருந்த மருத்துவர் வில்லியம் ரோங்காஸ், முடிந்தவர்கள் ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்றார். சாலையில் கண் தெரியாததால் பலரால் வெளியேறவும் முடியவில்லை.

துத்தநாக ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. 31ஆம் தேதி ஞாயிறு காலை ஆறு மணிவாக்கில்தான் அணைக்கத் தொடங்கினார்கள். அன்றே மழை வந்தது, காற்று தெளிந்தது. திங்கட்கிழமை ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. நடந்ததைக் கொலை என்றே சொன்னார் ரோங்காஸ். கடவுளின் செயல் என்றது நிறுவனம்.

[காட்சி: செயின்ட் லூயிஸ் அணியின் சீருடையில் ஸ்டான் மியூசியல்.]

முன்பு சொன்ன அந்தத் தொழிலாளியின் மகன் இவர்தான். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று, ஸ்டான் மியூசியல். 1948இல் தேசிய லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானவர். அவருடைய தந்தை லுகாஷ், போலந்திலிருந்து வந்து டொனோரா ஆலையில் உழைத்தவர். புகைமூட்டத்துக்குப் பின் உடல்நிலை மோசமாகி, அந்த டிசம்பரிலேயே அவர் இறந்தார். 20 என்ற கணக்கில் அவர் இல்லை. கணக்குக்கு வெளியே எத்தனை பேர் என்பதை இந்த ஓர் உதாரணத்திலிருந்தே நாம் யோசிக்க வேண்டும்.

விசாரணைக்குப் பணம் முதலில் எங்கிருந்து வந்தது தெரியுமா? தொழிலாளர்களிடமிருந்து. எஃகுத் தொழிலாளர் சங்கம் 10,000 டாலர் ஒதுக்கியது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கிளாரென்ஸ் மில்ஸ் என்ற அறிஞர் வந்தார். ஆலையே மூடிவிடுமோ என்ற பயம் இருந்தும் சங்கம் இதைச் செய்தது. டொனோரா தொழிலாளர்கள் வாய்மூடி இருந்தார்கள் என்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு மத்திய அரசின் பொதுச் சுகாதாரத் துறை வீடு வீடாகக் கணக்கெடுத்தது. 1949இல் வந்த அறிக்கையின்படி 5,910 பேர், அதாவது மக்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இறந்தவர்கள் 52 வயது முதல் 84 வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலோருக்கு ஏற்கெனவே இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தது. எந்த ஒரு வாயுவையும் தனியே குற்றம் சொல்ல முடியாது, பல மாசுகளின் கூட்டு விளைவு என்று முடித்தது அறிக்கை. அறிவியலாக அது தவறில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அதில் கரைந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நிறுவனத்தின்மேல் போட்ட வழக்குகள் 1951இல் சமரசமாயின. எல்லோருக்குமாகச் சேர்த்துச் சுமார் 2,35,000 டாலர். தவறை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. பத்தாண்டு கழித்துச் செய்த தொடர் ஆய்வு 1961இல் வெளியானது. 1948இல் நோயுற்றவர்கள், மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாக நோய்ப்பட்டார்கள், அதிகமாக இறந்தார்கள் என்று அது காட்டியது.

துத்தநாக ஆலை 1957இல் மூடப்பட்டது. தொழில்நுட்பம் பழையதாகிவிட்டது. 1960களில் எஃகு ஆலையும் பகுதி பகுதியாக நின்றது. இளையவர்கள் வெளியேறினார்கள். பந்தாட்டத்தில் பரம எதிரிகளாக இருந்த டொனோராவும் மொனோங்காஹேலாவும் ரிங்கோல்டு என்ற ஒரே பள்ளி மாவட்டத்தில் இணைக்கப்பட்டன. 1908இல் கட்டி, வெப்ஸ்டரையும் டொனோராவையும் இணைத்த பாலம் 2015இல் தகர்க்கப்பட்டது. இன்று ஊரில் 5,000 பேர்கூட இல்லை. மெக்கீன் அவென்யூவில் ஊர்க்காரர்கள் 2008இல் திறந்த ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. தூய காற்று இங்கே தொடங்கியது என்று அதன் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வாசகத்துக்கு ஆதாரம் உண்டு. 1955இல் அமெரிக்காவின் முதல் கூட்டாட்சிக் காற்று மாசுச் சட்டம், 1963இல் தூய காற்றுச் சட்டம், 1970இல் அதன் பல் முளைத்த வடிவம். இவற்றின் பின்னணியில் டொனோராவின் பெயர் இருக்கிறது. ஆனால் 1970இன் சட்டம் வந்தபோது, அதைக் கொண்டு கட்டுப்படுத்த டொனோராவில் ஓர் உலைகூட மிச்சமில்லை.

[காட்சி: மீண்டும் வரைபடம். ஆற்றோட்டத்தின் திசையில் வடக்கே நகர்கிறது.]

அதே ஆற்றில் கீழே போனால் கிளேர்ட்டன் வரும். அங்கே நிலக்கரியைச் சுட்டு எஃகு உலைக்கான எரிபொருளாக்கும் கல்கரி ஆலை இன்றும் ஓடுகிறது. அதே யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனத்தின் ஆலை. 2025இல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியது. 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அங்கே தீ விபத்து நடந்து, கந்தகத்தைப் பிரிக்கும் அமைப்பு மூன்று மாதங்களுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. கல்கரி உற்பத்தி தொடர்ந்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று நடந்த வெடிப்பில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆலை இருக்க வேண்டும் என்று சொல்பவர்களும், ஆலைக் காற்றால் பிள்ளைகளுக்கு மூச்சிரைக்கிறது என்று சொல்பவர்களும் அந்த ஊரில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். சில வீடுகளில் இரண்டையும் சொல்பவர் ஒருவரே.